மூன்றாவது வண்டி

“இதுவும் வேண்டாம்” என்றார் மாமியார்.

கடைக்காரர் இரண்டாவது வண்டியின் இன்ஜினை அணைத்தார். மகன் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டான்.

“முதல் வண்டி உயரம்னீங்க. இதுக்கு என்ன குறை அத்தை?” மருமகள் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கேட்டாள்.

“சத்தம்மா. இந்தச் சத்தத்துல ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேட்குமா?”

“வண்டி ஓட்டும்போது நான் யார்கிட்ட அத்தை பேசப் போறேன்?”

மாமியார் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டார்.

மருமகள் வேலை பார்த்த தையல் ஆலையை நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் தள்ளி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திங்கட்கிழமை காலை அங்கே வந்து நிற்கிறவர்களுக்கு வேலை உண்டு, வராதவர்களுக்கு இல்லை. அவ்வளவுதான் அறிவிப்பு.

பஸ்ஸை நம்பினால் மூன்று இடத்தில் மாறவேண்டும். தன் ஸ்கூட்டரில் ஒரு நாள் போய்ப் பார்த்தாள். ஒரு லாரி கடந்துபோன காற்றிலேயே வண்டி சாலை ஓரத்து மண்ணில் இறங்கிவிட்டது. அதனால்தான் நெடுந்தூரம் போகிறவர்கள் வைத்திருக்கும் பெரிய வண்டி. கனமான உடம்பு, முன்னால் காற்றைத் தடுக்கக் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி. புதிதாக வாங்க வசதி ஏது? யாரோ ஓட்டிக் கழித்ததுதான் கைக்கு எட்டும்.

மாமியாரும் அதே ஆலையில் துணி வெட்டும் மேசையில் நின்றவர்தான். இடம் மாறுகிறது என்றதுமே, “போதும்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கு?” என்றான் மகன். அவர் கத்தரிக்கோலைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு வீட்டோடு இருந்தார்.

மனைவியையும் அதே மாதிரி உட்கார வைத்துவிடலாம் என்று பார்த்தான். அவள் மசியவில்லை. “சரி, அம்மாவுக்குப் பிடிச்ச வண்டியா பார்த்து வாங்கிக்கோ” என்று பெரிய மனசு பண்ணினான். ஒரு ஜோடி செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்கி வெறுங்கையோடு திரும்புகிறவர் அவன் அம்மா. அந்தத் தைரியம் அவனுக்கு.

மூன்றாவது வண்டியின் சாவியையும் கடைக்காரர் மகனிடமே நீட்டினார். பழக்க தோஷம்.

“எனக்குக் கியர் வண்டி வராதுன்னு எத்தனை தடவை சொல்றது?”

“மன்னிச்சுக்கோங்க சார். இந்தாங்க தங்கச்சி.”

மருமகள் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை தாண்டிப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். “அத்தை, நூல் பிடிச்ச மாதிரி போகுது!” என்றாள்.

மாமியார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின் சீட்டில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கினார்.

“பலகை மாதிரி இருக்கு. சாய்ஞ்சுக்க ஒண்ணும் இல்லை. கால் வைக்கிற கம்பி வேற வளைஞ்சிருக்கு.”

மகனின் சிரிப்பு நின்றுபோயிற்று. “அம்மா, நான் ஒண்ணும் இவ பின்னால உட்கார்ந்து போக மாட்டேன். பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?”

“உங்களை யாருங்க கூப்பிட்டா?” என்றாள் மனைவி.

“அப்போ முடிஞ்சுது. மூணுமே அம்மாவுக்குப் பிடிக்கலை. வா, வீட்டுக்குப் போகலாம்.” அவன் வாசலை நோக்கி நடந்தான்.

மருமகள் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியின் டேங்க் மேல் வைத்தாள். வைத்த வேகத்தில் டங்கென்றது.

“அத்தை, இதுவரைக்கும் உங்க பேச்சைத் தட்டினதில்லை. இன்னிக்குத் தட்டறேன். சீட்டு பலகையா இருந்தா இருக்கட்டும், கம்பி வளைஞ்சிருந்தா இருக்கட்டும், இந்த வண்டியைத்தான் வாங்கப் போறேன். திங்கக்கிழமை நான் அங்க நிப்பேன். உங்களை உட்கார வெச்ச மாதிரி என்னை யாரும் உட்கார வைக்க முடியாது!”

கடைசி வார்த்தை கொஞ்சம் உறைப்பாகத்தான் விழுந்தது. சொன்னவளுக்கே கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“கேட்டியாம்மா இவ வாயை!” வாசலிலிருந்து பாய்ந்து வந்தான் மகன். “எனக்குத்தான் அடங்கலைன்னா, உனக்குமா? இப்பவே ஒரு வார்த்தை சொல்லு. வேண்டாம்னு சொல்லு!”

மாமியார் கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

“தம்பி, சீட்டுக்கு நல்ல ஃபோமா போடுங்க. முதுகு சாய ஒரு திண்டு வேணும். அந்தக் கம்பியை நிமிர்த்தணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடியுமா?”

“முடிச்சுடலாம்மா. ஆனா தங்கச்சி ஒருத்தர்தானே போகப் போறாங்க?”

“அதானே!” என்றான் மகன். “பின் சீட்டுக்கு எதுக்கும்மா இத்தனை ஜோடனை?”

மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“திங்கக்கிழமை நானும் வேலைக்குப் போறேன்டா.”