திருவிழாத் துணி

பாரிஸில் என் அறையிலிருந்து, தொலைபேசித் திரையில் முல்லைத்தீவு வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து வந்த அப்பா கதிரையில் இருக்கிறார். அம்மா தரையில் இருந்து வெங்காயம் உரிக்கிறார். தொலைக்காட்சியில் கூத்துக் கலைஞர் அல்பிறட்டைப் பற்றிய ஆவணப்படம் ஓடுகிறது. எங்கள் கரையில் அரசி வேசம் கட்டியவர், பிறகு பாரிஸ் மேடையில் தான் ஓர் ஆணைக் காதலிப்பதாகச் சொன்னவர். "சீலை உடுத்தா அம்மாவை விட வடிவு" என்கிறாள் தங்கை கலிஸ்ரா. "வாயைப் பொத்தடி" என்று அம்மா சிரிக்கிறார். "அண்ணா, நீ அங்கதானே இருக்கிறாய், இவரைக் கண்டனியே?" இல்லை என்கிறேன். அடுத்து, ஆணை ஆண் காதலிப்பவர்கள் பாரிஸ் தெருவில் போன ஊர்வலம் வரும். அல்பிறட்டுக்குப் பின்னால் என் காதலன் றெஜியின் கையைப் பிடித்தபடி நான் நடப்பேன். நான் கேட்டபடியே படம் எடுத்தவர்கள் என் முகத்தை மறைத்துவிட்டார்கள். சட்டையையும் மறைக்கச் சொல்ல நான்தான் மறந்துவிட்டேன். ஒவ்வொரு திருவிழாவுக்கும் அம்மா ஒரே துணியில் வீட்டு ஆண்களுக்கெல்லாம் சட்டை தைப்பார், என்னுடையதை இங்கே அனுப்புவார். ஊர்வலத்தில் நான் போட்டிருந்த அதே நீலப் பூச்சட்டைதான் இப்போது அப்பாவின் உடம்பில் இருக்கிறது. ஊர்வலம் வருகிறது. "அப்பா, உங்கட சட்டை..." என்று தொடங்கிய கலிஸ்ரா நிறுத்துகிறாள். அம்மாவின் கத்தி நிற்கிறது. அப்பா குனிந்து தன் நெஞ்சைப் பார்க்கிறார், எழும்பி வெளியே போகிறார். படலை சாத்தும் சத்தம் இங்கே வரை கேட்கிறது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசிக்குக் கிட்ட வருகிறார். "உன்ர சட்டையில மேல் தெறி கழண்டு கிடக்கு, தைச்சுப் போடு." வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார். "உனக்குப் பக்கத்தில வந்த பெடியன்ர தோளளவை எடுத்து அனுப்பு. வாற திருவிழாத் துணி இன்னும் வெட்டேல்லை."