மடக்குத் துப்பாக்கியும் முப்பது நாளும்

"கையில துப்பாக்கி கிடையாது. ஆராதனை ஆரம்பிச்சா கடைசி பெஞ்சில குறட்டை. இவர்தான் நம்ம சபைக்குக் காவலா?"

வெர்லன் கேட்டதும் மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சபைக் காவல் குழுவின் தலைவர் ஒடெல் மட்டும் சோள ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

ஓக்லஹோமாவின் அந்தச் சின்ன ஊரில் பைபிளை மறந்துவிட்டு சர்ச்சுக்கு வருபவர்கள் உண்டு. துப்பாக்கியை மறந்துவிட்டு வருபவர்கள் இல்லை. ஒடெல் ஒருவர்தான் விதிவிலக்கு. ஷெரிஃப் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் போலீஸ் வேலை பார்த்தவர், ஓய்வு பெற்ற அன்றைக்கே, தூக்கினது போதும் என்று துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் புதுத் தலைவருக்கு ஓட்டெடுப்பு. வெர்லனுக்கு அந்தப் பதவி மேல் கொள்ளை ஆசை. முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவரை இதுவரை ஒருத்தர்கூட 'தலைவரே' என்று கூப்பிட்டதில்லை. சாவதற்குள் ஒரு தடவையாவது அதைக் காதால் கேட்டுவிட வேண்டும்.

அதற்காகவே ஒரு பரிசோதனை செய்திருந்தார். போன வருஷம் காணிக்கைத் தட்டோடு நடக்கும்போது, இடுப்பில் இருந்த பெரிய துப்பாக்கியின் கனத்தில் பேன்ட் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. பாடகர் குழு பாட்டையே நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து இருக்கிறதே தெரியாத துப்பாக்கியைத் தேடி அலைந்தார். கிடைத்தது இந்த மடக்குத் துப்பாக்கி. ஒரே குண்டு. பிடியை மடக்கினால் சிகரெட் பெட்டி அளவுதான். முப்பது நாள் பையிலேயே வைத்திருந்து, இணையத்தில் போட மதிப்பீடும் எழுதிவிட்டார்.

எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். முப்பது நாளும் கனமே தெரியவில்லை. உட்கார்ந்தால் குத்தவில்லை. யார் கண்ணிலும் படவில்லை. தோல் உறைக்கு மேலே தடவிப் பார்த்தாலும் மடிப்பில் துளி ஆட்டம் இல்லை. ஒரே குண்டுதான், ஆனால் குறி தவறாதவனுக்கு ஒன்று போதும்.

முதல் நாள் ஐந்து தடவை சுட்டுப் பார்த்ததில் கை வீங்கி, இரண்டு நாள் ஸ்பூன் பிடிக்க முடியாமல் போனதை மட்டும் எழுதவில்லை. அதற்கப்புறம் உறையின் பொத்தானையே அவர் திறக்கவில்லை என்பதையும் எழுதவில்லை.

"எங்க, காட்டுங்க பாப்போம்" என்றாள் எதிரே இருந்த ட்வைலா, பெக்கன் கொட்டை கேக்கை வெட்டிக்கொண்டே.

வெர்லனின் கை பின்பக்கப் பைக்குப் போனது.

"இங்க எடுக்காதே, வெர்லன்." ஒடெல் அன்றைக்கு வாய் திறந்தது அப்போதுதான்.

"ஏன் பிரதர், பயமா இருக்கா?"

"குழந்தைங்க இருக்காங்க. தனியா இருக்கும்போது திறந்து பாரு."

வெர்லன் விடவில்லை. "குழந்தைங்க மேல அவ்வளவு அக்கறையா? ஒரு மாசமா அவங்க கழிப்பறைக் கதவு ஒத்தைக் கீல்ல தொங்குது. அதை மாட்டத் துப்பில்ல, நீங்க எங்களக் காப்பாத்தப் போறீங்களாக்கும்."

"கீல் வரட்டும். மாட்டிடறேன்."

"ஊர்க் கடையில கீலுக்கா பஞ்சம்?" என்றாள் ட்வைலா.

"அந்தக் கீலே வரணும்மா" என்று சொல்லிவிட்டு ஒடெல் மறுபடி ரொட்டிக்குத் திரும்பினார்.

பத்தொன்பதுக்கு நாலு. வெர்லன் ஜெயித்துவிட்டார். ஒடெல் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியைக் கழற்றித் தன் கையாலேயே கொடுத்தார்.

"வாழ்த்துகள், தலைவரே."

வெர்லனுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரியின் வாயாலேயே கேட்டாகிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தோடு வண்டியில் ஏறினார். மதிப்பீட்டோடு போட ஒரு படம் வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு, கேமராவைத் தயாராக வைத்து, உறையின் பொத்தானைத் திறந்து மடியில் கவிழ்த்தார்.

விழுந்தது ஒரு பித்தளைக் கதவுக் கீல். திருகாணி ஓட்டைகளைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட்.

தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். உறையில் துப்பாக்கி இல்லை. பரிசோதனையின் முதல் ஞாயிறு அப்போதுதான் ஞாபகம் வந்தது. காப்பி அதிகமாகிவிட்டது, ஆண்கள் பக்கம் வரிசை, அவசரம். குழந்தைகள் கழிப்பறைக்குள் ஓடி, குத்தாமல் இருக்கட்டும் என்று உறையைத் தண்ணீர்த் தொட்டி மேல் எடுத்து வைத்தார். அப்புறம் சாப்பாட்டு வாசனை. கொஞ்ச நேரம் கழித்து, அங்கே கதவு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஒடெல், ஸ்குரூடிரைவரும் கையுமாக வந்து, இதை விட்டுட்டுப் போயிட்டியே என்று உறையை நீட்டினார். பர்ஸ்தான் என்று ஒரு பொய்யைச் சொல்லி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார் வெர்லன்.

அன்றிலிருந்து அவர் ஆசையாகத் தடவிப் பார்த்தது இந்தக் கீலைத்தான். காது இரண்டும் சுட்டது.

உறையின் அடியில் மடித்த சீட்டு ஒன்று இருந்தது. பென்சில் எழுத்து. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையின் தேதி.

"வெர்லன், நாலு வயசுப் பிள்ளைக்கு எட்டுற உயரத்துல குண்டோட கிடந்தது. என் இரும்புப் பெட்டியில பூட்டி வைக்கப் போறேன். யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். எப்படியும் நாளைக்குக் காலையில பதறிக்கிட்டுத் தேடி வருவே. வரும்போது கீலைக் கொண்டு வா, கதவை மாட்டணும்."