ஒரு கிழமை உமக்கு, ஒரு கிழமை எனக்கு

"நாலு கிழமை பொறுத்தாச்சு. இனி ஏலாது," என்றான் சுபாங்கன், வாசல் கால்மிதியில் நின்றபடி.

"எனக்கும் எண்ணத் தெரியும்," என்றாள் சுஜாந்தினி.

டென்மார்க்கின் இஷொய் நகரத்து வரிசை வீடுகளில் ஒன்று அது. மழை சரிந்து அடித்தது. பிரிந்த இந்த இரண்டு வருடத்தில் அவன் அந்தக் கால்மிதியைத் தாண்டி உள்ளே போனதில்லை. அதில் 'வெல்கம்' என்றுதான் எழுதியிருந்தது.

"எழுதிக் கையெழுத்து வச்சது என்ன? ஒரு கிழமை உமக்கு, ஒரு கிழமை எனக்கு. ஏழு நாளுக்கொருக்கா, வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குப் பிள்ளையை மாத்திறது."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

"சொன்னால் காணாது. அதின்படி நடக்கவேணும்."

"அதை ஆர் ஆருக்குச் சொல்லுறது?"

இருவரும் நேருக்கு நேர் கதைப்பதே இப்போதுதான். இவ்வளவு நாளும் எல்லாம் பதினைந்து வயது மகள் சாருஜா ஊடாகத்தான். 'அம்மாட்டைச் சொல்லு', 'அப்பாட்டைக் கேள்'. டென்மார்க்கில் தெருத் தபால்பெட்டிகளையே பிடுங்கிவிட்டார்கள். இந்தக் குடும்பத்தின் தபால்காரிக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை.

"சோதனை வருது, ஒரே இடத்தில இருந்து படிக்கவேணும் எண்டாள். ஓம் எண்டிட்டன்," என்றான்.

"என்னட்டையும் அதைத்தான் சொன்னவள். நானும் ஓம் எண்டனான்."

"போனில கேட்டால் டேனிஸில ஒரு வரி. சுகமாம்."

"எனக்கும் அந்த ஒரு வரிதான்."

"பிள்ளை நிம்மதியா இருக்கட்டும் எண்டு வாய் மூடி இருந்தது என்ர மடத்தனம்."

"மடத்தனத்தில எங்கட சாதகம் எப்பவும் பொருந்தும்."

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வேறு ஏதோ வந்தது.

"சண்டைக்கு வரேல்லை, சுஜா. ரெண்டு வருசமா வேலையால வந்து அவளின்ர வெறும் அறையைத் திறந்து பாக்கிறன். பேந்து பூட்டிறன். அவ்வளவுதான் என்ர சீவியம்."

"அது எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீங்களோ?"

கதவை அகலத் திறந்தாள்.

"வாங்கோ உள்ள. புட்டு அவிச்சிருக்கிறன். இண்டைக்கு மட்டும் மூண்டு பேருமா இருந்து சாப்பிடுவம்."

நனைந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன், மகளைக் கூப்பிட வாயெடுத்து, மாடிப்படியை அண்ணாந்து பார்த்தான்.

அவளோ, அவன் தோளுக்கு மேலால் வெளியே நின்ற அவனுடைய காரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "பிள்ளை ஏன் இன்னும் இறங்கேல்லை?"