பேரம் பேசாத வாடிக்கை

"யாரும் வீட்டுக்குள்ள போகக் கூடாது. இன்னிக்கு எல்லாருக்கும் பின்னால தோட்டத்துலதான் படுக்கை" என்று அறிவித்துவிட்டு, சண்டைக்குத் தயாராக நின்றார் தார்ப்பாய்க் கடைக்காரர்.

சண்டை வரவில்லை.

"சரிங்க" என்றாள் மனைவி.

அவருக்குச் சந்தேகம் தட்டியது. இருபது வருஷக் கடை அனுபவத்தில் அவர் கற்ற பாடம் ஒன்றுதான்: சொன்ன விலைக்கு உடனே தலையாட்டுகிற வாடிக்கைக்காரனிடம் உஷாராக இரு. நமக்குத் தெரியாத ஏதோ அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இவளோ ஊசி வாங்கினாலும் நூலைக் கொசுறு கேட்கிறவள்.

விஷயம் இதுதான். வீட்டுச் சாவியைக் காணோம். மாலையில் கதவைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டவர் அவரேதான். மனைவியின் அக்கா வீட்டில் நால்வரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி, வாசலில் வேனை நிறுத்தித் தடவினால் பை காலி.

இந்த வருஷத்தில் இது நாலாவது சாவி. மூன்றாவது போனபோதே அவள் தீர்ப்புச் சொல்லியிருந்தாள். "இன்னொரு தடவை தொலைச்சீங்கன்னா கடைச் சாவி என் தம்பி கைக்குப் போயிடும்." இவரும் வீறாப்பாக "போகட்டுமே" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். மச்சான் கல்லாவில் உட்கார்ந்தால் ஆறே மாசம், கடையில் ஆணிகூட மிஞ்சாது.

நல்லவேளை, அந்த நேரம் பார்த்து, "அப்பா, வேன்ல கடையோட சாம்பிள் கூடாரம் ஒண்ணு கிடக்குதே" என்றான் பெரியவன். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விடிவதற்குள் நழுவிப் போய்ப் பூட்டுக்காரனை எழுப்பிக் கூட்டி வந்தால், காதும் காதும் வைத்த மாதிரி வேலை முடிந்துவிடும்.

தோட்டத்தில் கூடாரம் நடும் படலம் தொடங்கியது. இருபது வருஷமாகக் கூடாரம் விற்கிறாரே தவிர ஒன்றைக்கூட நட்டதில்லை. முதல் தடவை அது அவர் தலையிலேயே விழுந்தது. இரண்டாம் தடவை நின்றது.

"அப்பா, உள்பக்கம் வெளிய வந்துடுச்சு" என்றான் பெரியவன்.

"கஸ்டமர்கிட்ட அஞ்சு நிமிஷ வேலைன்னு சொல்வீங்களே" என்றாள் மனைவி.

"அது கஸ்டமருக்கு."

சின்னவள் டார்ச்சைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தாள். "அப்பா, இன்னிக்குத்தான் அடுத்த ஞாயித்துக்கிழமையா?"

அவர் முளையை இன்னும் ஓங்கி அடித்தார். இரண்டு வருஷமாகப் பிள்ளைகள் கூடாரம் கேட்பதும், அவர் 'அடுத்த ஞாயித்துக்கிழமை' என்பதும் வீட்டில் வழக்கம்.

கூடாரம் ஒருவழியாக நிமிர்ந்தது. இன்னும் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத்தான் தாங்கவில்லை. அவள் பேச வேண்டிய பேரத்தை அவரே பேச ஆரம்பித்தார்.

"குளிருமே."

அவள் பெரிய பையைத் திறந்து நாலு போர்வையை எடுத்துப் போட்டாள்.

"சாப்பிடப் போன இடத்துக்கு எதுக்கு நாலு போர்வை?"

"அக்கா வீட்டுலயே ராத்தங்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். நீங்கதான் கிளம்பு கிளம்புன்னு விரட்டிட்டீங்க."

நியாயம்தான். ஆனாலும் விடவில்லை. "கொசு பிடுங்கும்."

கொசுவத்தி வந்தது. கூடவே தீப்பெட்டியும் வந்தது. "அங்கேயும் கொசுதானேங்க. பத்த வைங்க."

"கட்டாந்தரை. உனக்கு இடுப்பு வலிக்கும்."

"வலிச்சா வலிச்சுட்டுப் போகுது."

இது அவளே இல்லை. வீட்டு மெத்தையில் ஒரு சுருக்கம் இருந்தாலே ராத்திரி முழுக்க முனகுகிறவள். என்ன கேட்கப் போகிறாள்? காலையிலேயே தம்பியை வரச் சொல்லியிருப்பாளோ? கணக்கு எந்தப் பக்கமிருந்து போட்டாலும் உதைத்தது.

இருவர் படுக்கும் கூடாரத்தில் நால்வர் நுழைந்தார்கள். யார் கால் யாருடையது என்று தெரியவில்லை. பெரியவன் ஒரு காலைக் கிச்சுக்கிச்சு மூட்டினான். சிரித்தது அவன் அம்மா.

"கதை சொல்லுங்கப்பா" என்றாள் சின்னவள்.

அவருக்குத் தெரிந்த கதையெல்லாம் கடைக் கதைதான். லாரியை மூடத் தார்ப்பாய் வாங்க வந்து, அளவெடுக்க லாரியையே கடைக்குள் விட்ட டிரைவரைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகள் புரண்டு புரண்டு சிரித்தார்கள். இன்னொன்று கேட்டார்கள். தினமும் அவர் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது இரண்டும் தூங்கிப் போயிருக்கும். சின்னவளுக்குச் சிரித்தால் விக்கல் வரும் என்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"இவ்வளவு கதை வச்சிருக்கீங்களா" என்றாள் மனைவி இருட்டிலிருந்து. அந்தக் குரலில் கேலி இருந்தது. வேறு ஏதோவும் இருந்தது. என்னவென்றுதான் பிடிபடவில்லை.

குழப்பத்தோடே தூங்கி, குழப்பத்தோடே விழித்தார். வெளுக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பூட்டுக்காரன் வீடு இரண்டு தெரு தள்ளி. மூச்சை அடக்கிக்கொண்டு, முட்டி போட்டு, கூடார வாசலை நோக்கி ஊர்ந்தார்.

இருட்டில் ஒரு சின்னக் கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. தூக்கக் கலக்கத்தில், அவர் முதுகோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கிசுகிசுத்தாள் சின்னவள்:

"அம்மா, அப்பா எழுந்ததும் சாவியைக் கொடுத்துடாத. இன்னிக்கும் தொலைஞ்சே இருக்கட்டும்."