சொந்தச் சமையல்

"அடுத்தவன் அடுப்புல வெந்த சோத்தைத் தின்னு உடம்பை வளர்க்கிற பழக்கம் எனக்கு இல்லம்மா" என்று சொல்லி, ப்ளாப்பிப் பெட்டியை ஒரு விரலால் தள்ளினார் புருஷோத்தமன்.

சசிரேகாவுக்குச் சுருக்கென்றது. மண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலை அது. கம்ப்யூட்டர் பிரிவில் அவர் தலைமை, அவள் ஆறு மாதத் தற்காலிகம். இன்றோடு ஆறு மாதம் முடிகிறது. 'லாயக்கில்லை' என்று அவர் எழுதிக் கொடுத்த காகிதம் எம்.டி. பாண்டுரங்கன் முன்னால் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

அவள் செய்த குற்றம், ஒரு ப்ரோக்ராம் லைப்ரரி வாங்கித் தரும்படி எம்.டி.யிடம் கேட்டதுதான். பெயர்களை வரிசையாக அடுக்க, தேதி பார்க்க, அச்சடிக்க என்று எந்த ப்ரோக்ராமுக்கும் வேண்டிய துண்டுகளை முன்கூட்டியே எழுதி எட்டு ப்ளாப்பியில் விற்றார்கள். எடுத்துக் கோத்துக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

அதை ஓட்டிக் காட்ட மெட்ராஸிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தார் ரத்தினம். தலையெல்லாம் புழுதி, சட்டைப் பையில் மைக்கறை.

"நாங்க மூணு பேரா எழுதினது சார். மூணு வருஷம் முன்ன வித்த மொத பதிப்புல ஒண்ணு ரெண்டு குறை இருந்துச்சு, இப்ப சரி பண்ணிட்டோம். எங்க ஆரம்பிக்கணும்னு இவங்களுக்குக் காட்டிட்டா, மிச்சத்தை அவங்களே பாத்துக்குவாங்க."

"விக்க வந்தவங்க வேற இன்னா சொல்லுவாங்க?" என்று சிரித்தார் புருஷோத்தமன். "சார், நம்ம ஆஜர்ப் பட்டியல் ப்ரோக்ராம் ரெண்டு வருஷமா ஓடிக்கினு இருக்கு. ஒவ்வொரு எழுத்தும் நான் எழுதினது. எழுத வராதவங்களுக்குத்தான் இந்தப் பெட்டி."

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். புருஷோத்தமன் தளும்பாத நாளே கிடையாது.

"உங்களுதையே ஓட்டுங்க, பாப்போம்" என்றார் எம்.டி.

பிரின்டர் கிரீச்சிட்டு, அன்று வேலைக்கு வந்தவர்களின் பெயர்களைக் கக்கியது. புருஷோத்தமன் தாளைக் கிழித்து, அடியில் ஒரு பெயரைப் பேனாவால் எழுதிச் சேர்த்தார்.

"அது யாரு சார்?" என்றார் ரத்தினம்.

"ஜக்கரையா. வெல்டர். இங்கிலீஷ்ல கடைசி எழுத்து இஸட்ல ஆரம்பிக்கிற, வாயில நுழையாத பேரை வச்சா மெஷின் இன்னா பண்ணும்?"

"போன வாரம் ஒரு நாள் அவர் லீவு சார். அன்னிக்கு யூசுப் பேரு வரலை" என்று மெல்லச் சொன்னாள் சசிரேகா. புருஷோத்தமன் அவளை முறைத்தார்.

ரத்தினம் தாளை வாங்கிப் பார்த்தார். "பேரை அடுக்கற இடத்தை மட்டும் கொஞ்சம் ஸ்கிரீன்ல காட்டறீங்களா சார்?"

"தாராளமா. பாத்துக் கத்துக்குங்க" என்று விசையைத் தட்டினார் புருஷோத்தமன். திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் வரிவரியாக ஏறின.

எம்.டி. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். புரியாத அந்தக் காட்டுக்குள் அவருக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான்.

"கனகம்னு போட்டிருக்கே, யாருய்யா அது?"

புருஷோத்தமனும் அப்போதுதான் அதைப் பார்த்தவர் போல ஒரு நொடி விழித்தார். உடனே சமாளித்துக்கொண்டார். "ரெண்டு பேரை இடம் மாத்தறப்ப ஒண்ணைத் தற்காலிகமா ஒரு இடத்துல வைக்கணும் சார். அந்த இடத்துக்கு நாம எந்தப் பேரு வேணும்னாலும் வைக்கலாம். கனகம் எங்க அத்தை. பெரியவங்க ஆசீர்வாதம் இருக்கட்டுமேன்னு வச்சேன்."

"நல்ல மனசு" என்று சொல்லி, எம்.டி. பேனா மூடியைத் திறந்து சசிரேகாவின் காகிதத்தை இழுத்தார்.

ரத்தினம் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"கனகம் என் சம்சாரம் சார்."