தோள்மேல் ஒரு கை

ஒப்பனை அறைக் கண்ணாடியைச் சுற்றி எரியும் பல்புகளின் சூட்டில் நெரிடாவின் மேலுதடு மறுபடியும் வியர்க்கிறது. பதினோரு வருடமாகக் காலை நிகழ்ச்சியில் வானிலை சொல்பவள் அவள். நவம்பர் வந்தாலே இந்த சிட்னி தொலைக்காட்சி நிலையத்தில் எல்லோருக்கும் வேலை பயம் வந்துவிடும். அடுத்த வருடத்து நிகழ்ச்சிகளின் முன்னோட்டம் இன்றைக்கு வருகிறது. அதில் முகம் இருந்தால் வேலை இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. "ஆடாதடி, மை இழுத்துக்கும்," என்கிறாள் ஒப்பனைக்காரி டூலா. "போன வருஷமும் இப்படித்தான் பயந்தே. அஞ்சு செகண்டு வந்தியே!" "போன வருஷம் சேனலை விக்கலையே." "உன்னைத் தூக்கிட்டா மழை நின்னுடுமா? வாயை மூடு, லிப்ஸ்டிக் போடணும்." சுவரில் இருக்கும் தொலைக்காட்சியில் இசை எழும்புகிறது. சமையல் போட்டி, கால்பந்து, கடற்கரை வீடுகள். டூலாவின் தூரிகை அந்தரத்தில் நிற்கிறது. அதோ, காலை நிகழ்ச்சி. போன மாதம் ஆறு பேரும் நெருங்கி நின்று எடுத்த படம். நெரிடா எண்ணுகிறாள். ஐந்து பேர். ஓரத்தில், அன்று அவளுக்குப் பக்கத்தில் நின்ற டேமியன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அவன் தோள்மேல் ஒரு கை மட்டும் இருக்கிறது, மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. விரலில் பச்சைக்கல் மோதிரம். அழிக்க மறந்திருக்கிறார்கள். "வேகமாப் போயிடுச்சுடி, சரியாத் தெரியல," என்று டூலா ரிமோட்டைத் தேடுகிறாள். கதவுக்கு வெளியே யாரோ கத்துகிறார்கள்: "நெரிடா, ரெண்டு நிமிஷம்!" நெரிடா தன் விரலில் இருக்கும் அதே பச்சைக்கல் மோதிரத்தைத் திருகித் திருகி இழுக்கிறாள். விரல் வீங்கியிருக்கிறது, கழல மாட்டேன் என்கிறது. வரைபடத்தில் ஊர்களைக் காட்ட வேண்டியது அந்தக் கையால்தான்.