ளகரம் கேளாத பெட்டி

தமிழைப் பிழையறக் கேட்டு விடை சொல்லும் என்று அட்டையில் அச்சிட்டிருந்த பேசும் பெட்டியொன்று, பல்லி குடியிருந்த வீட்டிற்கு வந்து சேர்ந்தது. அடைமழைக் காலையில் ஆசிரியை திலகவதி அதனிடம், "இன்றைக்குப் பள்ளி உண்டா?" என்று கேட்டார்.

"பல்லி மருந்தைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். இன்னொரு முறை கேட்டால் வாங்கிவிடுவேன்," என்றது பெட்டி. திலகவதி தலையிலடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

பல்லி பதறிச் சுவரிலிருந்து இறங்கியது. "தம்பி, அவர் கேட்டது பள்ளி. பல்லி நான்."

"இரண்டும் ஒன்றுதானே, அக்கா?"

"என் உயிரே அந்த ஓரெழுத்தில்தான் இருக்கிறது. நாவை மேலே வளைத்து, ள என்று சொல்லிப் பார்."

"எனக்கு நாவே இல்லையே."

"காதாவது இருக்கிறதா?"

"தலையில் நான்கு துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகத்தான் கேட்கிறேன்."

பல்லி நண்பகல்வரை அத்துளைகளின் அருகிலிருந்து ளகரத்தை ஓதியது. பெட்டி ஒவ்வொரு முறையும் லகரத்தையே திருப்பிச் சொன்னது.

மாலையில் மழை விடவில்லை. "நாளைக்காவது பள்ளி..." என்று திலகவதி வாயெடுத்ததும், பல்லி பெட்டியின்மேல் தாவி, நான்கு கால்களாலும் நான்கு துளைகளை அடைத்துக்கொண்டது.

"மன்னிக்கவும், எனக்குக் கேட்கவில்லை," என்றது பெட்டி.

திலகவதி தலைமையாசிரியரைத் தொலைபேசியில் கேட்கப் போனார். பல்லி ஒரு காலைக்கூட எடுக்கவில்லை.